பதினொன்று இருபது

"பதினோரு மணி நேரம் இருபது நிமிஷம்! உங்கப்பன் வாயாலேயே ஆயிரம் தடவை கேட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி மூணு, பின்னாடி ரெண்டு, டிக்கெட் எடுக்க ஒரு ரெண்டு. நீயே கூட்டிப் பாரு! அவ வந்து படியேறும்போது தெருவே தூங்கியிருக்கும்!"

"தூங்கட்டும் சித்தப்பா. கதவைத் திறக்க நான் முழிச்சிருப்பேன்."

"விதண்டாவாதம் பண்ணாத. வண்டிக்காரனுக்கு ஒரு மணின்னு சொல்லியாச்சு."

"சொன்ன வாயாலயே வேண்டாம்னு சொல்லிடுங்க."

"வாயைப் பாரு! இத்தனை வருஷம் இந்த வாயை எங்க வச்சிருந்த?"

சாவு வீட்டில் சத்தம் போடக்கூடாது என்பது சாவு வீட்டுக்காரர்களைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரியும். காலை எட்டு மணிக்கே வாடகை நாற்காலிகளில் வந்து உட்கார்ந்துவிட்ட தெரு, தலையைக் குனிந்துகொண்டு காதை மட்டும் நிமிர்த்தி வைத்திருந்தது. எதிர்வீட்டுத் தையலக்கா மெஷினை நிறுத்திவிட்டு வந்திருந்தாள். மரியாதைக்காக நிறுத்தியதாகச் சொன்னாள். மெஷின் ஓடினால் சாவு வீட்டுப் பேச்சு காதில் விழாது என்பதும் உண்மைதான்.

சித்தப்பா ஆணிக்கடைக்காரர். நாற்பது வருஷமாக ஆணியும் தாழ்ப்பாளும் விற்று, எதையும் ஒரே அடியில் இறக்கிப் பழகியவர். அவர் எதிரே நின்றது இறந்தவரின் சின்ன மகள். வயது முப்பத்தெட்டு. பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை. பல்வலிக்காரர்கள் பேசுவதையெல்லாம் பதினைந்து வருஷம் கேட்டுக் கேட்டு, பதில் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டவள். அவள் இப்படி எதிர்த்துப் பேசி அந்தத் தெரு பார்த்ததே இல்லை. அதுவும் யாருக்காக? ஆறு வருஷமாக இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காத அக்காவுக்காக.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணி," என்றாள் சின்னவள். "அக்கா வந்து அப்பா முகத்தைப் பார்த்த பிறகுதான் எடுக்கணும். அதுக்கு முன்னாடி எடுக்கணும்னா என்னையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போங்க."

நாற்காலி வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கவுன்ட்டர் தம்பி லேசாக இருமினார். இறந்தவரோடு ஒரே அலுவலகத்தில் பக்கத்துக் கவுன்ட்டரில் வேலை பார்த்தவர். நாற்பத்திரண்டு வயதாகியும் தம்பிதான். பெயர் வைத்தவர் அப்படி வைத்துவிட்டார்.

"இல்ல... அந்தப் பதினொன்னு இருபது... இப்ப வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருப்பா," என்றார் சித்தப்பா. "எங்கண்ணனைவிட உனக்கு அதிகம் தெரியுமா?"

கவுன்ட்டர் தம்பி சும்மா இருந்தார். சும்மா இருப்பது அவருக்கும் நன்றாக வரும்.

சித்தப்பா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வண்டிக்காரரிடம், ஏதோ தானே யோசித்துக் கண்டுபிடித்தது போல, "நாளைக்குக் காலையில ஒன்பதுதான் சரியா இருக்கும்" என்று சொல்வது எல்லோருக்கும் கேட்டது.

*

இறந்தவருக்குத் தெருவில் டைம்டேபிள் என்று பெயர். அவர் இல்லாத இடத்தில்தான் என்றாலும் அவருக்கும் தெரியும், கொஞ்சம் பெருமையும் உண்டு. கடைவீதி முனையில் இருந்த விமான டிக்கெட் அலுவலகத்தில் முப்பத்துநாலு வருஷம் கவுன்ட்டரில் உட்கார்ந்தவர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் பறக்க வேண்டும், நடுவில் எங்கே இறங்கி ஏற வேண்டும் எல்லாம் மனப்பாடம். ஊரையே ஏற்றி அனுப்பிய மனிதர் தான் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஏன் என்று கேட்டால், "கல்யாணத் தரகர் எல்லாரும் நாலு கல்யாணமா பண்ணிக்கிறாங்க?" என்பார்.

வீட்டில் எதற்கும் விமானக் கணக்குதான். பெரியவள் குளிக்கப் போனால் வெளியே நின்று, "அம்மா, நீ உள்ள போன நேரத்துக்கு மலைக்கு அந்தப் பக்கம் தலைநகரத்துல இறங்கியிருக்கலாம்" என்பார். அவர் மனைவி இருந்த காலத்தில், சோறு வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பேசப் போனால், "உங்கம்மா எங்க? கடல் மேல பறந்துக்கிட்டிருக்கா" என்பார் பிள்ளைகளிடம். மற்ற வீடுகளில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்ன நேரத்தில் அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஊர்களைச் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையில் அப்பா ஒரு ஊர் பெயரைச் சொல்ல வேண்டியது, முதலில் நேரத்தைச் சொல்கிறவளுக்கு அப்பளத்தின் பெரிய பாதி. பெரும்பாலும் பெரியவளுக்குத்தான் கிடைக்கும். சின்னவள் சரியாகத் தெரிந்தும் ஒரு நொடி தாமதமாகச் சொல்வாள். பெரியவள் தன் பாதியை மறுபடி பாதியாக்கித் தங்கை தட்டில் போடுவாள். அதையும் சொல்ல வேண்டும்.

கூடவே ஒரு பாடம் உண்டு. "பறக்கிறது வேற, போய்ச் சேர்றது வேற" என்பார். "பறக்கிற நேரம் விமானம் ஓட்டறவனுக்கு. உனக்கு வீட்டுக் கதவிலேர்ந்து வீட்டுக் கதவு வரைக்கும் கணக்கு. முன்னாடி மூணு மணி, பின்னாடி ரெண்டு. அவசர டிக்கெட்டுன்னா அதுக்கு ஒரு ரெண்டு."

முன்னறைச் சுவரில் அலுவலகத்தில் கழித்துப் போட்ட பெரிய உலகப் படம் ஒன்று இருந்தது. பதினான்கு வருஷத்துக்கு முன் பெரியவளுக்குக் கல்யாணமாகி, கப்பலுக்குப் பூசும் பெயிண்ட் விற்கும் மாப்பிள்ளையோடு ஒரு துறைமுக நகரத்துக்குப் போனாள். அன்று மாலையே அப்பா தம்பி கடையிலிருந்து இரண்டு குட்டை ஆணி வாங்கி வந்து, இந்த ஊரில் ஒன்று, அந்த ஊரில் ஒன்று அடித்து, நடுவில் சிவப்பு நூலை இழுத்துக் கட்டினார். நூல் வளையாமல் கோணாமல் தூண்டில் போல நேர்கீழே இறங்கியது.

"பாத்தியா, நமக்கு நேர் கீழ. கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். நமக்கு ஏழுன்னா அவளுக்கும் ஏழு," என்றார் சின்னவளிடம். "ஐயாயிரத்து நானூறு கிலோமீட்டர். நடுவுல ஒரு ஊர்ல இறங்கி ஏறுறதையும் சேர்த்து, பதினொன்னு இருபது."

அன்றிலிருந்து அந்த ஊருக்கு அந்த வீட்டில் 'கீழே' என்றுதான் பெயர். கீழேயிருந்து போன் வந்தது, கீழே மழையாம், கீழே பேரனுக்குக் காய்ச்சலாம். மாடிக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் ஒருத்தி, பெரிய மகள் தரைத்தளத்தில்தான் இருக்கிறாள் என்று நம்பி, ஒரு மாசம் அவளைத் தேடினாள்.

முதல் மூன்று வருஷம் பெரியவள் வருஷம் தவறாமல் வந்தாள். பிறகு அம்மா இறந்தபோது. பிறகு ஒரு கோடை விடுமுறைக்கு, இரண்டு பிள்ளைகளோடு. அவ்வளவுதான். தெரு சும்மா இருக்குமா? பால் வாங்க வரும்போது, குப்பை கொட்ட வரும்போது, "என்ன சார், பெரியவ இந்த வருஷமும் வரலையா?" என்று அக்கறையாகக் கேட்கும். டைம்டேபிளுக்குக் கோபமே வராது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பயணியிடம் பேசுகிற அதே குரலில் சொல்வார்:

"பதினொன்னு இருபதும்மா. பக்கமா இருக்கு? ரெண்டு பிள்ளைங்களை இழுத்துக்கிட்டு நடு ஊர்ல இறங்கி, நாற்காலியில தூங்கி, மறுபடி ஏறி... நானே வர வேண்டாம்னுட்டேன்."

அதற்கு மேல் தெருவால் ஒன்றும் சொல்ல முடியாது. தூரத்தோடு யார் சண்டை போட முடியும்? ஐயாயிரத்து நானூறு கிலோமீட்டர் பெரியவளுக்குப் பரிந்துகொண்டு நின்றது.

சின்னவளுக்கும் அது ஒருவகையில் வசதியாக இருந்தது. அக்காவின் மேல் கோபம் வரும்போதெல்லாம், மாத்திரை டப்பாவில் கிழமை பார்த்து அடுக்கும்போது, அப்பாவின் கால் நகத்தை வெட்டும்போது, அந்தப் பதினொன்று இருபதை நினைத்துக்கொள்வாள். வர மனசில்லாமலா, தூரம். அப்பா சொன்ன எதையும் அவள் சரிபார்த்ததில்லை. வீட்டுக் கடிகாரத்தை யாராவது தினமும் சரிபார்ப்பார்களா?

*

முந்தின நாள் மத்தியானம் நடந்ததை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தெருவுக்கே பின்னால்தான் தெரியும், அவளே சொல்லித்தான்.

ஊசி போட வரும் அம்மாள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, கையைக் கழுவும்போது, "சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிடும்மா" என்று குழாயைப் பார்த்துச் சொன்னாள். சின்னவள் போனை எடுத்தாள்.

அப்பா கண்ணைத் திறந்தார். "யாருக்கு?"

"அக்காவுக்கு."

"மணி என்ன?"

"பன்னெண்டுப்பா."

கண்ணை மூடினார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். உதடு மட்டும் அசைந்தது. கவுன்ட்டரில் பேனாவைத் திறக்குமுன் அசையுமே, அப்படி.

"பதினெட்டு இருபது," என்றார். "காலையில ஆறு இருபது. அவ வந்து சேர... வேண்டாம்மா. அலைய விடாத. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"இல்லப்பா, ஒரு வார்த்தை சொல்லிடறேனே."

"வேண்டாம்னேன்ல." குரலில் அந்தப் பழைய அலுவலகக் கண்டிப்பு இருந்தது. ஜன்னலை மூடிவிட்ட பிறகு வருகிற பயணியிடம் காட்டுவது. "போனைக் கீழ வை."

வைத்தாள். வேறு என்ன செய்வாள்? மறுநாள் விடிய ஐந்து மணிக்கு அவர் போனார். சத்தமில்லை, இழுப்பில்லை. அவள் முதலில் பார்த்தது அவர் முகத்தை இல்லை, சுவர்க் கடிகாரத்தை. ஐந்து. ஆறு இருபதுக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தது. நேற்றே கூப்பிட்டிருந்தாலும் அக்கா வந்து சேர்ந்திருக்க முடியாது. அந்த எண்பது நிமிஷத்தைத்தான் அவள் காலையிலிருந்து மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

ஐந்து பத்துக்கு அக்காவைக் கூப்பிட்டாள். "அப்பா..." என்றாள். "வர்றேன்" என்று சொல்லிப் பெரியவள் வைத்துவிட்டாள். ஏழு மணிக்கு ஒரே ஒரு செய்தி: 'கிளம்பிட்டேன்.' சின்னவள் விரல் விட்டு எண்ணினாள். பதினெட்டு இருபது. இரவு பதினொன்றரை. அதற்காகத்தான் சித்தப்பாவோடு அந்தச் சண்டை. உயிரோடு பார்க்க விடவில்லை. முகத்தையாவது பார்க்க விட வேண்டும்.

*

மத்தியானம் கூட்டம் கலைந்தது. நாளைக்குத்தான் என்றானதும் பாதிப் பேருக்கு வீட்டு வேலை ஞாபகம் வந்துவிட்டது. அப்பா குளிர்பெட்டிக்குள் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். பேனா குத்தி வைத்துக் குத்தி வைத்துப் பையில் விழுந்த நீலக் கறை அந்தச் சட்டையிலும் இருந்தது. வேறு சட்டை எடுக்கலாமே என்று தையலக்கா சொன்னதற்கு, "எல்லாச் சட்டையிலும் இருக்கு" என்றாள் சின்னவள்.

மூன்றரை மணி இருக்கும். சித்தப்பா நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கவுன்ட்டர் தம்பி காலி டீ கிளாஸ்களைப் பொறுக்கித் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். சின்னவள் பின்கட்டில் அப்பாவின் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள். இன்றைக்கே அலச வேண்டும் என்று ஒன்றுமில்லை, கை சும்மா இருக்கவில்லை.

வாசலில் கார் நின்ற சத்தம். அப்புறம் தையலக்காவின் குரல்:

"ஏ சின்னவளே! ஓடியா! பெரியவ வந்துட்டாடி!"

சித்தப்பா திடுக்கிட்டு எழுந்தார். எதிரே ஒரு தோள்பையும் நரைத்த முன்முடியுமாகப் பெரியவள் நின்றாள்.

"யாரு?"

"நான்தான் சித்தப்பா."

சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நீ இன்னும் பறந்துக்கிட்டில்ல இருக்கணும்?"

யாரும் சிரிக்கவில்லை. பெரியவள் பையைக் கீழே போட்டாள். நேரே உள்ளே போய்க் குளிர்பெட்டியின் கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றாள். அழுகை வரும் என்று தெரு காத்திருந்தது. அவள் கண்ணாடியில் படிந்த மூச்சை முந்தானையால் துடைத்தாள், மறுபடி படிந்தது, மறுபடி துடைத்தாள்.

சின்னவள் ஈரக் கையோடு வந்து பக்கத்தில் நின்றாள். ஆறு வருஷத்துக்குப் பிறகு அக்காவைப் பார்க்கிறாள்.

"ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள்.

"தண்ணி குடு," என்றாள் பெரியவள்.

சமையலறையில் இரண்டு பேரும் தனியாக நின்றார்கள். பெரியவள் டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள். இந்த வீட்டில் எது எங்கே இருக்கும் என்று கைக்கு இன்னும் நினைவிருந்தது. காலி டம்ளரைச் சரியாக அம்மா வைக்கிற மூலையில் கவிழ்த்தாள்.

"எப்படிக்கா இவ்வளவு சீக்கிரம்?" என்றாள் சின்னவள். "நடுவுல இறங்கி ஏறணுமே. பதினொன்னு இருபதாச்சே."

பெரியவள் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"என்ன?"

"அதெல்லாம் போச்சுடி. நேரா விட்டு அஞ்சு வருஷம் ஆகுது. ஆறு மணி அம்பது நிமிஷம்."

சின்னவள் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அப்பாதான் எனக்கே சொன்னாரு," என்றாள் பெரியவள். குரல் தாழ்ந்தே இருந்தது. "விட்ட அன்னைக்கே போன் பண்ணினாரு. பெரியவளே, ஆறு அம்பதுடி, காலையில காப்பி அங்க, மத்தியானச் சாப்பாடு இங்கன்னாரு. சின்னப் பிள்ளை மாதிரி. வர்றேம்ப்பான்னேன். அந்த வருஷம் பையனுக்குப் பரீட்சை. அடுத்த வருஷம் இவருக்கு வியாபாரம் படுத்துருச்சு. அதுக்கடுத்து... என்னன்னு சொல்ல? ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்லடி. நாளைக்கு நாளைக்குன்னு போச்சு." கவிழ்த்த டம்ளரை எடுத்து மறுபடி கவிழ்த்தாள். "ரெண்டு தடவை கேட்டாரு. அப்புறம் கேக்கல. அந்த ஆறு அம்பதைப் பத்திப் பேசவே இல்ல."

வெளியே யாரோ நாற்காலியை இழுத்தார்கள். சின்னவளுக்கு வாசலில் நின்று பேசிய அப்பாவின் குரல் கேட்டது. போன மாசம்கூட. *பதினொன்னு இருபதும்மா. பக்கமா இருக்கு?* ஒரு நிமிஷத்தைக்கூடக் கூட்டிச் சொல்லாத மனிதர். பயணி அழுதாலும் அரை மணி நேரத்தைக் குறைத்துச் சொல்லமாட்டார்.

"எப்ப இருந்து முடியாம போச்சு?" என்று பெரியவள் கேட்டாள். "நேத்துத் திடீர்னா?"

இதற்கு ஒரு சின்னப் பொய் போதும். காலையில்தான், திடீரென்று, யாருக்கும் தெரியாது. பல் டாக்டர் கிளினிக்கில் ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்கிற மாதிரி, 'டாக்டர் இப்பதான் வெளியே போனார்' என்பது போல எளிதாக வந்திருக்கும்.

"நேத்து மத்தியானம்," என்றாள் சின்னவள். "பன்னெண்டு மணிக்கு. உன்னைக் கூப்பிடப் போனேன். அப்பா வேண்டாம்னுட்டாரு."

பெரியவளின் வலது கைக் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. பன்னிரண்டு. முன்னாடி மூன்று, பின்னாடி இரண்டு, டிக்கெட்டுக்கு இரண்டு, பறக்க ஆறு ஐம்பது. சின்னவளும் அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை இரண்டு பேரும் ஒரே நொடியில் முடித்தார்கள். இரவு ஒன்று ஐம்பது. அப்பா ஐந்து வரை இருந்தார்.

பெரியவளின் விரல் நின்றது. சின்னவள் தலையை நிமிர்த்தவில்லை. பின்கட்டுக் குழாயை அவள் சரியாக மூடாமல் வந்திருந்தாள். வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

பெரியவள்தான் போய் அதை மூடிவிட்டு வந்தாள்.

*

இதற்குள் முன்னறையில் இன்னொரு கணக்கு நடந்துகொண்டிருந்தது. தையலக்கா அளவு எடுக்கிறவள். அங்குலம் அங்குலமாகப் பிறரைப் பார்த்துப் பழகிய கண்.

"காலையில அஞ்சு பத்துக்குத்தானே போன் பண்ணினா?" என்றாள் பொதுவாகக் கூரையைப் பார்த்து. "இப்ப மூணரை. பத்து மணி நேரத்துல கதவுலேர்ந்து கதவுக்கு வந்தாச்சு. பறக்கவே பதினொன்னு இருபதுன்னு சார் சொல்லுவாரே? நம்ம காது என்ன, ஓட்டையா?"

நாற்காலிகள் திரும்பின. சித்தப்பாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. நெற்றியைச் சுருக்கினார். அக்கா தங்கை இருவரும் சமையலறையிலிருந்து வெளியே வந்த நேரம் அது. தையலக்கா விடவில்லை.

"ஏம்மா பெரியவளே, தப்பா நினைச்சுக்காத, தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன். இவ்வளவு பக்கமாவா இருக்கு உன் ஊரு?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அவள் உண்மையைச் சொல்லத்தான் போனாள் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். சொல்லியிருந்தால் அந்த அறையில் படுத்திருந்தவர் ஐந்து வருஷமாக வாசலில் நின்று சொன்னதெல்லாம் ஒரே நிமிஷத்தில் பொய்யாகியிருக்கும். ஆறு மணி ஐம்பது நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டு வராத மகளும், அதை மறைத்த அப்பாவுமாகத் தெரு ஒரு வருஷத்துக்கு மென்றிருக்கும்.

"பின்காத்துக்கா," என்றாள் சின்னவள்.

"என்னது?"

"பின்னாலேர்ந்து காத்து தள்ளினா விமானம் சீக்கிரம் வந்துரும். இன்னைக்கு நல்ல காத்து. அதான்."

தையலக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "காத்து தள்ளி அத்தனை மணி நேரமா குறையும்?"

முதல் பொய் வந்த வேகத்தில் சின்னவளுக்கு இரண்டாவது வரவில்லை.

"குறையும்," என்றது ஒரு குரல். எல்லோரும் திரும்பினார்கள். டீ கிளாஸ் தட்டை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கவுன்ட்டர் தம்பி நின்றார். முகம் சிவந்திருந்தது. "சில சமயம் குறையும். நடு ஊர்ல இறங்காமலேகூட வந்துருவாங்க. காலையில ஆபீஸ்லயும் சொன்னாங்க. இன்னைக்குக் காத்து... ரொம்ப நல்ல காத்துன்னு."

பதினெட்டு வருஷம் டிக்கெட் எழுதியவர் சொன்னால் யார் மறுப்பது? வடக்குத் தெற்காகப் பறக்கும் விமானத்தை எந்தக் காற்றும் அப்படியெல்லாம் தள்ளிவிடாது என்று அந்த அறையில் தெரிந்த இன்னொருவர் கண்ணாடிக்குள் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்தார். வேறு நாளாயிருந்தால் எழுந்து உட்கார்ந்து திருத்தியிருப்பார்.

"அப்படியா," என்றாள் தையலக்கா. நம்பினாளா இல்லையா என்று அந்த முகத்தில் தெரியவில்லை. புடவைத் தலைப்பில் குத்தியிருந்த ஊசியை எடுத்து இன்னொரு இடத்தில் குத்திக்கொண்டாள். "அதுவும் நல்லதுக்குத்தான். புண்ணியவாளன், காத்தைவிட்டு மகளை வரவச்சுட்டாரு."

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "வந்தாச்சுல்ல? அப்ப நாளைக்கு எதுக்கு? வண்டிக்காரனை அஞ்சரைக்கு வரச் சொல்றேன்," என்று போனைத் தேடினார். இந்தத் தடவை யாரும் எதிர்க்கவில்லை.

ஐந்தரைக்கு எடுத்தார்கள். பெரியவள் அப்பாவின் சட்டைப் பையில் ஒரு பேனாவைச் செருகினாள், மூடி இல்லாமல். சின்னவள் பார்த்தாள், மூடியைத் தேடவில்லை. நீலம் அந்தப் பழைய கறைக்குப் பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவத் தொடங்கியது. வண்டி தெருமுனை திரும்பும் வரை பெரியவள் தங்கையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த இடத்தில் விரல் பதிந்து கன்றிப்போனதை மறுநாள்தான் சின்னவள் கவனித்தாள்.

*

பெரியவள் ஒன்பது நாள் இருந்துவிட்டுக் கீழே போனாள். போகும்போது சுவரிலிருந்து அந்தச் சிவப்பு நூலை மட்டும் அவிழ்த்து எடுத்துக்கொண்டாள். ஆணிகள் அப்படியே இருந்தன. அதற்குப் பிறகு வருஷம் இரண்டு தடவை வந்தாள். பார்க்க வேண்டியவர் போன பிறகு வருவதில் என்ன என்று தெரு ஆரம்பத்தில் பேசியது. பிறகு, வருகிறவளிடம் குறை காண முடியாமல் விட்டுவிட்டது.

சித்தப்பா கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டு மகளோடு போய்ச் சேர்ந்துகொண்டார். அங்கே கதவுத் தாழ்ப்பாள் சரியில்லை என்று தினமும் சண்டையாம்.

இரண்டாவது வருஷம் சின்னவள் கவுன்ட்டர் தம்பியைக் கட்டிக்கொண்டாள். நாற்பது வயதில் என்ன கல்யாணம் என்றவர்களும் சாப்பிட வந்தார்கள். அவள் எதைப் பார்த்து ஒத்துக்கொண்டாள் என்று தெரு நிறைய ஆராய்ந்தது. ஆளும் பெரிய அழகில்லை, பேச்சும் கிடையாது. காற்றைப் பற்றி அவர் அன்றைக்கு முதல்முதலாகச் சொன்ன அந்தப் பொய்க்காகத்தான் என்று தையலக்கா ஒரு தடவை சொன்னாள், பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. கல்யாணமான ஆறாவது மாசம் அலுவலகம் அவரை மலைக்கு அந்தப் பக்கம் தலைநகரத்துக்கு மாற்றியது. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு இருவரும் போனார்கள். "மாசம் ஒரு தடவை வருவேன் அக்கா" என்று தையலக்காவின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் சின்னவள் காரில் ஏறினாள்.

ஒரு தடவை வந்தாள். அதுவும் இப்போது மூன்று வருஷத்துக்கு முன்னால்.

வீட்டில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். முன்னறைச் சுவரில் இரண்டு குட்டை ஆணிகள், ஒன்றுக்கு நேர் கீழே ஒன்று. மேல் ஆணியில் நாட்காட்டி மாட்டியிருக்கிறார்கள். கீழ் ஆணி எதற்கென்று அவர்களுக்குத் தெரியவில்லை, குடையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள்.

தெரு இன்னும் கேட்கிறது. ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள், அளவு கொடுத்துக்கொண்டே, "என்னக்கா, உங்க சின்னவ வர்றதே இல்லையா?" என்பார்கள். தையலக்காவிடம் இப்போது நல்ல போன் இருக்கிறது. இரண்டு ஊர் பெயரையும் சொன்னால் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம் எல்லாம் அதுவே காட்டும். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிஷம் என்று காட்டுகிறது. அவள் அதை ஒரு தடவை இல்லை, பல தடவை பார்த்திருக்கிறாள்.

"எங்கருந்து வர்றது?" என்பாள் தையலக்கா, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அஞ்சு மணி நேரம் பறக்கணும்ல."